ஐந்து வீட்டு டின்மீன்

எங்கள் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் அந்த வரிசை வீடுகளில், யாரைப் பார்த்து “சாப்பிட்டீங்களா” என்று கேட்டாலும் “ஆச்சு” என்றுதான் சொல்வார்கள். அடுப்பு மூட்டாத வீட்டிலும் அதுதான் பதில். கேட்பவருக்கும் அது தெரியும். அதற்கு மேல் கேட்கமாட்டார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆகவே அந்த மூன்று நாட்களில் நடந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

பதுளையில் ஆய்வுகூட உதவியாளர் பாடநெறிக்கு மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் குறிப்பு எழுதி வருகிறேன். பெப்ரவரி மாதக் கொப்பியைத் திரும்பப் படித்துத்தான் இதை எழுதுகிறேன். கொப்பியில் இல்லாத இடங்களில் என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்பவில்லை. அப்படியான இடங்கள் சில இருக்கின்றன.

ஹம்ஸியா மிஸ் எங்கள் வகுப்புக்கு ஜனவரி கடைசியில் வந்தார். பதுளையில் பிறந்தவர், கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். தோட்டத்து மக்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் டவுன் மக்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு ஆள் தேடி வந்திருந்தார். நாம் தின்பதில் நமக்குச் செரிக்காமல் மிஞ்சும் நாரைத்தான் பெருங்குடலில் இருக்கும் உயிர்கள் தின்கின்றன என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். கீரையும் பயறும் தின்பவர் குடலில் ஒரு கூட்டம் பெருகும். இறைச்சியும் எண்ணெயும் தின்பவர் குடலில் வேறொரு கூட்டம் பெருகும். ஒரே தீவில், ஒரே மழையில் நனைகிற இரண்டு ஊர்க்காரர்களுக்குள்ளே இரண்டு காடு இருக்கலாம் என்றார். அந்த வாக்கியத்தை அன்றைய பக்கத்தில் இரண்டு தரம் எழுதி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் தோட்டத்திலிருந்து வருகிறவள் நான் ஒருத்திதான். நமுனுகுலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் வீடு வீடாகப் பதிவு எடுக்க என்னைத் தெரிவு செய்தார்கள்.

டவுன் பக்கத்தில், மலம் எடுத்துக் கொடுக்க டப்பா வாங்கிய வீடுகளில் என் வகுப்புத் தோழி பஹ்மாவின் வீடும் ஒன்று. அவளுடைய வாப்பா கடை வைத்திருக்கிறார். “எங்கட வாப்பா டப்பாவ ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள வெச்சிட்டார் விதுஷா. மிஸ் குளிர்ல வைக்கச் சொன்னாங்களாம். உம்மா பெட்டிய மூணு தரம் கழுவினா. இன்னும் அதுக்குள்ள இருந்து ஒண்டும் எடுத்துத் திங்கிறா இல்ல” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு வழக்கம்போல, “நீ தின்டிட்டா வந்தே?” என்று கேட்டாள். காலையில் ஒரு ரொட்டி, பிறகு பஸ்ஸில் ஒரு பணிஸ். “ஆச்சு” என்றேன். இது கொப்பியில் இல்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் லயத்தில் ஐந்து வீடுகள் ஆய்வில் சேர்ந்தன. கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்து ஹம்ஸியா மிஸ் விளக்கிச் சொன்னார். வீட்டுக்கு ஒரு பெரிய ஆள், ஒரு பிள்ளை. ஆளுக்கு ஒரு டப்பா. அதோடு மூன்று நாள் சாப்பிட்டதை எழுத வேண்டும். செவ்வாய், புதன், வியாழன். பின்னேரம் நான் வீடு வீடாக வருவேன்.

மிஸ் போன பிறகு பெரியாயி அத்தை டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தார். லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருப்பவர், கொழுந்து பறிக்கும் மலையில் முதல் நிரைக்காரி, வாய்க்கு யாரும் நிற்க முடியாது.

“ஏண்டி விது, பஸ் ஏறிப் பஸ் ஏறிப் படிச்சது இதுக்குத்தானா? இத அள்ளத்தான் நாங்க படிக்காமலே அள்ளிக்கிட்டு இருக்கோமே.”

“இது வேற அத்த. இதுல இருக்கிற உயிருங்கள எண்ணுவாங்க.”

“எண்ணட்டும். காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வரலன்னா அன்னிக்குப் பேர் வெட்டுவாங்களா அதுங்களுக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராணி அக்காவும் சிரித்தார். அவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது காம்பரா. புருஷன் கிருஷ்ணராஜ் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தரம் வருவார், சில மாதம் வரமாட்டார். மடியில் கேஷிகா இருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். ஐந்தாறு அடி நடப்பாள், பிறகு உட்கார்ந்துவிடுவாள். சாயத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்து அந்தத் துண்டை நெடுநேரம் கையிலேயே வைத்திருப்பாள். அவளுடைய நிறை அட்டையில் மிட்வைஃப் வைத்த புள்ளிகள் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்கியிருந்தன. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வரும் சத்துமா அந்த வருடம் ஒழுங்காக வரவில்லை.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன விதி இது: வீட்டார் சொல்வதை எழுதுங்கள், காட்டுவதை அளவுக் கரண்டியால் அளந்து எழுதுங்கள், நீங்கள் நினைப்பதை எழுத வேண்டாம். நான் அதை அட்டையில் எழுதிக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

செவ்வாய் பின்னேரம் பெரியாயி அத்தை வீட்டில் தொடங்கினேன். சோறு, பருப்பு, டின்மீன் குழம்பு. குழம்பு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். விளிம்புக்குக் கீழே ‘பெரியாயி – நல்லையா’ என்று பேர் வெட்டியிருந்தது. ஒரு கரண்டி அளந்து, நாற்பது கிராம் என்று எழுதினேன். அடுத்த வீடு. சோறு, டின்மீன். அதற்கடுத்த வீடு. சோறு, கீரை, டின்மீன். நான் முன்வாசல் வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்தில் பின்பக்கம் குசினி வழியாகக் கிண்ணம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் விளிம்பைத் துணியால் மூடிப் பிடித்திருந்தார்கள். நான்காவது வீடு ஜீவராணி அக்காவுடையது. அங்கே துணி இல்லை. பேர் தெரிந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் பேரைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

“அளந்துக்க விது” என்றார்.

அளந்தேன். கேஷிகாவுக்கு அரைக் கரண்டி என்று எழுதினேன். கேஷிகா கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள். அக்கா அவளுடைய கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஐந்தாவது வீடு காத்திருந்தது.

அந்த வீட்டில் நான் எழுதி முடித்ததும் கிண்ணம் தொங்கல் காம்பராவுக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். புதன்கிழமை அது முட்டைக் குழம்பு. வியாழன் கருவாடு. மூன்று நாளும் நாற்பது கிராம், நாற்பது கிராம் என்று எழுதினேன். என் எழுத்து அந்தப் பக்கங்களில் மிகவும் அழகாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

வெளியாள் வரும் நாளில் வெறும் அடுப்பைக் காட்டக்கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். ஒரு வீட்டில் இருப்பது ஐந்து வீட்டுக்கும் முகத்தைக் காப்பாற்றும். அதில் ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்குவதைப் போலத்தான். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அல்லது அப்படி நினைத்ததாக இப்போது நினைக்கிறேன்.

முடிவுகள் ஜூலையில் வந்தன. டப்பாக்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கும் போய், எண்களாகத் திரும்பி வந்தன. பதுளையில் எங்களுக்குத் தந்திருந்த சிறிய அறையில் ஹம்ஸியா மிஸ் கணினியைத் திருப்பிக் காட்டினார். டவுன்காரர்கள் ஒரு பக்கம் புள்ளிகளாகச் சேர்ந்திருந்தார்கள். தோட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகளின் புள்ளிகள் தனியே இருந்தன.

“பிறந்த பிள்ளைட குடல்ல ஒரு கூட்டம் இருக்கும். ஒரு வயசுல வேற. மூணு வயசாகும்போது கிட்டத்தட்ட பெரிய ஆக்கள்ட மாதிரி வந்துடணும். பல்லு முளைக்கிற மாதிரி, அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வகைவகையா சாப்பாடு கிடைச்சாத்தான் அந்த ஒழுங்கு நடக்கும்” என்றார். பிறகு ஒரு புள்ளியில் விரலை வைத்தார். “இந்தப் பிள்ளைய பாருங்க. தோ-17. வயசு இரண்டு எட்டு. குடல் ஒரு வயசுல நிக்குது.”

தோ-17 கேஷிகா. டப்பாக்களில் எண்களை ஒட்டியவள் நான்.

இரண்டாம் கட்டத்தில் இப்படியான பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மூன்று மாதம் தினமும் ஒரு விசேஷ உணவு கொடுக்கப்போகிறார்கள். கொண்டைக்கடலை, நிலக்கடலை, வாழைக்காய் எல்லாம் அரைத்த பசை. நின்றுபோன கூட்டத்தை மறுபடி வளரச் செய்யுமா என்று பார்க்க. நிறை குறைந்திருக்க வேண்டும், குடல் பின்தங்கியிருக்க வேண்டும், மூன்று நாள் பதிவில் உணவுக் குறை தெரிய வேண்டும். மூன்று நிபந்தனைகள். மிஸ் கேஷிகாவின் பதிவைத் திறந்தார்.

“சோறு, பருப்பு, டின்மீன். அடுத்த நாள் முட்டை. இந்த வீட்ல சாப்பாடு குறையில்ல. அப்ப குறை வேற எங்கயோ இருக்கு. பூச்சியா இருக்கும், இல்லாட்டி தண்ணி.” என்னைப் பார்த்தார். “நல்லா எழுதியிருக்கிறீங்க விதுஷா.”

அவர் சொன்னபடி கேஷிகாவுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டியலில் வேறு பன்னிரண்டு பிள்ளைகளின் எண்கள் ஏறின.

அதற்குப் பிறகு பதினொரு நாட்கள் நான் வாய் திறக்கவில்லை. கொப்பியில் அந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். பஸ் நேரம், வகுப்பில் படித்தது, மழை பெய்ததா என்பது எல்லாம் இருக்கிறது. இது இல்லை. சொன்னால் எனக்கு வேலை போகும், மிஸ் தரப்போகும் சான்றிதழ் போகும் என்று பயந்தேன். ஐந்து வீட்டு மானம் போகும் என்றும் பயந்தேன். இந்த இரண்டில் எது பெரிய பயம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் என்று சொல்ல விருப்பம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் மிட்வைஃப் நிறை பார்த்தார். கேஷிகாவின் புள்ளி சிவப்பில் விழுந்தது. அன்று பின்னேரம் வகுப்புக்குப் போகாமல் நேரே மிஸ்ஸின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அஞ்சு வீட்லயும் ஒரே கிண்ணமா?”

“ஆமா மிஸ். பேர் வெட்டின கிண்ணம்.”

“நீங்க கண்டீங்க.”

“கண்டேன்.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை. “என்ட பிழையும் இருக்கு. எந்த நாள் வருவோம்னு நான்தான் முன்னுக்கே சொன்னேன்” என்றார். பிறகு, “இத நான் கொழும்புக்குச் சொல்லணும், விதுஷா. சொல்லாம ஒரு பேர மட்டும் மாத்த ஏலாது” என்றார்.

கேஷிகாவின் பதிவைத் திருத்திப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான்கு நாளில் பதில் வந்தது. ஐந்து வீட்டின் பதிவும் நம்பத்தக்கதல்ல. ஐந்து வீடும் ஆய்விலிருந்து நீக்கம். நீக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை இரண்டாம் கட்டத்துக்கு வர முடியாது. வேண்டுமானால் ஒக்டோபரில் புதிதாக அனுமதி எடுத்து, புதிதாக டப்பா கொடுத்து, முதலிலிருந்து தொடங்கலாம்.

பொய்யாக எழுதியபோது கேஷிகா நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தாள். உண்மையைச் சொன்னதும் அவள் ஆய்விலேயே இல்லாத பிள்ளையானாள்.

மிஸ் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். உடனே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஒரு நாளும் தள்ள வேண்டாம் என்றார். மறுநாள் ஜீவராணி அக்கா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை வாசல் இஸ்தோப்பில் காத்திருந்து கொடுத்தேன். கடிதம் இங்கிலிஷில் இருந்தது.

“என்ன எழுதியிருக்கு? வாசி” என்றார் அக்கா. சாக்கைக்கூட இன்னும் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

நான் இனிமேல் உள்ளதை உள்ளபடிதான் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவை எடுத்து ஆறு நாள்கூட ஆகவில்லை. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வீட்டில் போதிய உணவு இல்லாததால் பிள்ளை கடுமையாக மெலிந்திருக்கிறது, முன்பு கொடுத்த உணவு விபரம் உண்மையானதல்ல என்று தெரியவந்திருக்கிறது. ‘பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கு அக்கா’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

அக்கா கடிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் மடித்து, என் கையில் திரும்ப வைத்தார்.

“எங்க வீட்ல சாப்பாடு இல்லன்னு யாரு சொன்னா?”

“அக்கா, புள்ளைக்காக...”

“எம்புள்ள பட்டினின்னு எழுதின கடுதாசிய நானே தூக்கிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில நீட்டணுமா? அந்த நர்ஸ் நோனாமாரு என்னைய என்னன்னு பாப்பாங்க?” குரலை உயர்த்தவில்லை. “கிண்ணத்த நீ பாத்த. பாத்துட்டுத்தான எழுதுன. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உங்கிட்ட மட்டும் வெக்கப்பட்டிருப்பேன்.”

நான் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னது லயத்தில் பரவியது. அந்த வாரம் பெரியாயி அத்தை என்னைக் கண்டால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஒரு நாள் மட்டும், மற்றவர்களுக்குக் கேட்கும்படி, “அளவுக் கரண்டி வருது, வழி விடுங்கடி” என்றார். என் அம்மாவோடும் யாரும் பேசவில்லை. இரண்டு தரம் நான் ஜீவராணி அக்காவின் வாசலுக்குப் போனேன். இரண்டு தரமும், “புள்ள சாப்பிட்டாளா அக்கா” என்று கேட்டேன். எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

“ஆச்சு” என்றார்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை மழை விடவில்லை. கேஷிகாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதல் நாள் அக்கா உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் விடியற்காலையில் பெரியாயி அத்தைதான் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கொழுந்து லொறியில் பிள்ளையைப் பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். கடிதம் என் பையில் இருந்தது. வார்ட்டில் கொடுத்தேன். டொக்டர் வாசித்தார். திகதியைப் பார்த்தார்.

கேஷிகா மூன்றாம் நாள் காலை இறந்தாள். கிருஷ்ணராஜ் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். அந்த நாளின் பக்கத்தில் இரண்டு பஸ் நேரங்கள் மட்டும் எழுதியிருக்கிறேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நான்கு வீட்டிலிருந்தும் சோறு வந்தது. பெரியாயி அத்தை அந்தக் கிண்ணத்தில்தான் குழம்பு கொண்டுவந்தார். அது நிறைய இருந்தது. யாரும் தொடவில்லை.

மூன்று கிழமை கழித்து ஹம்ஸியா மிஸ் போனில் பேசினார். அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. ஒரு வேலை இருக்கிறது, முடியாது என்றால் தானே வந்து செய்வதாகச் சொன்னார். நீக்கப்பட்ட வீடுகளின் டப்பாக்கள் இன்னும் கொழும்பில் குளிரில் இருக்கின்றன. பின்னொரு காலத்து ஆராய்ச்சிக்கு வைத்திருக்கவா, அழித்துவிடவா என்று வீட்டாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். நான்கு வீடுகள் சுலபம். தோ-17க்குத் தாய் கையெழுத்திட வேண்டும்.

நானே போகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தண்டனை போல ஏதாவது வேண்டும் என்று இருந்திருக்கலாம்.

ஜீவராணி அக்கா குசினியில் மா பிசைந்துகொண்டிருந்தார். ஒரு ஆளுக்கான மா. என்னைப் போகச் சொல்லவில்லை. தாளைக் காட்டி, வைத்திருக்கவா அழிக்கவா என்ற இரண்டு கட்டங்களையும் விளக்கினேன்.

“அதுல என்ன இருக்கு இப்ப?” என்றார்.

“அவ வயித்துல இருந்த உயிருங்க அக்கா. ரொம்பக் குளிர்ல வெச்சிருக்காங்க.”

“உசுரோடயா?”

“செத்துப் போகலன்னு சொல்றாங்க. தூங்குற மாதிரி இருக்கும். பிறகு வேணும்னா எழுப்பலாமாம்.”

அக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. பிசைவதை மட்டும் நிறுத்தியிருந்தார். வெளியே பீலியில் யாரோ குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

“எழுப்பினா அதுங்களுக்குச் சாப்பாடு போடுவாங்களா?”

சில ஆய்வுகூடங்களில் அப்படி வளர்க்கிறார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். கேஷிகாவின் டப்பாவை யாராவது எப்போதாவது திறப்பார்களா என்பது மிஸ்ஸுக்கே தெரியாது. பெரும்பாலும் திறக்கமாட்டார்கள்.

“போடுவாங்க அக்கா” என்றேன்.

“நல்லதா?”

“ஆமா. கடலை, வாழைக்காய், கீரை, எல்லாம்.”

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினார். வைத்திருக்கலாம் என்ற கட்டத்தில் கோடு போட்டு, கீழே பேரை எழுதினார். தாளின் ஓரத்தில் மா ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.

வாசல்வரை வந்தவர் என்னைக் கேட்டார்: “நீ சாப்பிட்டியா?”

அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பின்னால் அந்த ஒரு ஆளுக்கான மா இருந்தது.

“ஆச்சு அக்கா” என்றேன்.